பத்து எண்ணும்வரை

அப்பாவின் வலது கையில், சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நுனியிலும் கொப்புளம் உடைந்து காய்ந்த தோல் இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் வாய்க்கரிசி போடக் குனிந்தபோது கண்டேன். அம்மாவிடம் கேட்டேன். சமைக்கும்போது பட்டிருக்கும் என்றார். அப்பா சமைப்பதில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் மேலே கேட்கவில்லை.

அவர் பெயர் குலசேகரம். வயது ஐம்பத்தொன்பது. ஒஸ்லோவில், அம்மருட் தொடர்மாடிகளில் எங்களைத் தெரிந்தவர்கள் அவரைக் 'கரண்ட் குலம்' என்பார்கள். நான் ஒரே மகள், ஆரணி. மின்பொறியியல் படித்துவிட்டு ஒரு மின்விநியோக நிறுவனத்தில் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கிறேன். அவர் வேலையும் அதுதான். என்னுடையது பல்லாயிரம் வோல்ட். அவருடையது ஆறு.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஐந்து வருடமும் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர். தொண்ணூற்றாறில் நோர்வேக்கு வந்தார். இரண்டு வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு பஸ் டிப்போவில் மின்வேலை. கடைசி எட்டு வருடம் அல்னாபுரூவில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தார். அங்கே 1910களிலும் 20களிலும் செய்த கார்களை மட்டும் பார்ப்பார்கள்.

அந்தக் கார்களில் டைனமோ சுற்றினால் பற்றரி ஏறும். காரின் வேகம் குறைந்தால் பற்றரியில் இருக்கும் மின்சாரம் டைனமோவுக்கே திரும்பி ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் வயர் பழுத்து எரியும். அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகப் பெட்டியை வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு காந்தச் சுவிட்ச். நூறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒட்டவே ஒட்டாது. அப்பா பெட்டியைத் திறந்து பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, தான் வடிவமைத்த ஒரு சுற்றை உள்ளே வைத்து மூடுவார். வெளியே அதே பித்தளை, அதே முத்திரை. கார்ச் சொந்தக்காரர்களுக்கு அதுதான் வேண்டும்.

முதல் வடிவம் சோதனை மேசையிலேயே புகைந்தது. இரண்டாவது குளிரில் வேலை செய்யவில்லை. மூன்றாவது நின்றுபிடித்தது. அதிலும் ஒரு தொல்லை இருந்தது. மூடிய பெட்டிக்குள் சூடு போக வழியில்லை. அதனால் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் மேசையில் ஓட்டுவார். பிறகு அதன்மேல் இரண்டு விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து வரை வைத்திருக்க முடிந்தால் பெட்டி போகலாம். முடியாவிட்டால் திறந்து திரும்பச் செய்வார்.

பட்டறையில் தூரத்தில் நின்று சூட்டைச் சொல்லும் மீற்றர் ஒன்று இருந்தது. பளபளக்கும் பித்தளையில் அது பிழையாகக் காட்டும். கொதிக்கிற பெட்டியை முப்பது பாகை என்னும். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். போன வருடம் அவர் பிறந்தநாளுக்கு, கம்பி நுனியைப் பொருளில் ஒட்டி அளக்கும் தொடுமீற்றர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். கையை விட்டுவிட்டு இதைப் பாவியுங்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்பா பயந்தவர். அதை ஒளிக்கவும் மாட்டார். லிப்டில் கீழே வந்த பிறகு திரும்ப ஏறிப்போய் அடுப்பைப் பார்ப்பார். நாங்கள் காரில் தூரம் போனால் நடுவில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒருமுறை கேட்டதற்கு, "எரிஞ்ச பிறகு சொறி சொல்லேலாது பிள்ளை" என்றார்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை அவர் எழும்பவில்லை. மாரடைப்பு. அப்பாவைப் போலப் பல வருடம் நீரிழிவு இருந்த சலரோகக்காரருக்குச் சிலவேளை நெஞ்சுவலி தெரியாது, நரம்புகள் மரத்துப்போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த வாக்கியத்தை அப்போது நான் சரியாகக் கேட்கவில்லை.

எரித்துப் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. பட்டறையிலிருந்து அனுப்பிய அவருடைய பொருட்களைக் காலையில் குசினி மேசையில் பிரித்தேன். திருகாணி முடுக்கிகள், கண்ணாடி, சோதனைக் கொப்பி. நான் கொடுத்த தொடுமீற்றரும் இருந்தது. உறை கிழிக்கப்படவில்லை.

கொப்பியைத் திறந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. திகதி, கார், வோல்ட், அம்பியர். கடைசி நிரலின் தலைப்பு 'கை'. அதில் அவர் எண்ணிய எண்.

10, 8, 10, 6, 10, 9, 7, 10. பத்துக்குக் குறைந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'திறந்தது' என்று எழுதி, திரும்பச் சோதித்த எண்ணையும் போட்டிருந்தார். ஆறு வருடம் அப்படியே போனது. போன செப்ரெம்பருக்குப் பிறகு வந்த பெட்டிகள் பதின்மூன்று. பதின்மூன்றுக்கும் 10. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

எந்தக் கையும் அப்படி எண்ணாது. என் வேலையில் இப்படி ஒரு நிரலைக் கண்டால், கருவி செத்துவிட்டது என்று முதலில் எழுதுவோம்.

அப்போது டொக்டரின் வாக்கியம் கேட்டது. பனிக்காலம் முழுக்க அப்பா கையுறை போடாமல் நடந்ததும் நினைவுக்கு வந்தது. காலில் கண்ணாடித் துண்டு ஏறியது இரண்டு நாள் தெரியாமல் இருந்தார். கொதிக்கிற தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்தார். பெருமை என்று நினைத்தேன்.

பதின்மூன்று கார்களும் எங்கே என்று பார்த்தேன். இந்தக் கார்களைக் குளிர்காலத்துக்குக் கொட்டிலில் மூடிவைப்பார்கள்; மே மாதத்துக்கு முன் வெளியே எடுக்க மாட்டார்கள். அப்படிப் பன்னிரண்டு. மூச்சு வந்தது. பதின்மூன்றாவது வரி, அப்பா இறப்பதற்கு இரண்டு நாள் முந்தியது. பாலசிங்கத்தின் கார்.

பாலசிங்கம் மாமா ட்ராம் ஓட்டுகிறவர். அப்பாவின் நண்பர். தொண்ணூற்றெட்டு வயதுக் கார் ஒன்றை வாங்கித் திருத்தி, தமிழர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடுகளுக்கும் வாடகைக்கு விடுகிறார். அவருடைய தங்கையின் மகள் மதுராவின் சாமத்தியவீட்டு அழைப்பு எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. ஹவுகன்ஸ்டுவா மண்டபம். பதினொன்றேகால் சுபநேரம். திகதி, அன்றைய திகதி.

மணி ஒன்பது நாற்பது.

பாலசிங்கம் மாமாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தரம் அடித்தேன். அழைப்பில் இருந்த வீட்டு இலக்கத்துக்கு அடித்தேன். எடுத்த பெண் என் பெயரைக் கேட்டதும் தயங்கினாள். நாங்கள் செத்தவீட்டுக்காரர். முப்பத்தொரு நாள் துடக்கு. கொண்டாட்ட வீட்டுப் படி மிதிக்கக்கூடாது. காலையில் போன் பண்ணுவதும் நல்லதில்லை. கார் எங்கே என்று மட்டும் கேட்க முடிந்தது; அவள் அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். பிள்ளையை அலங்கரித்து எட்டரைக்கே ஸ்டைன்புரு ஏரிப்பக்கம் வீடியோ எடுக்கக் கூட்டிப்போய்விட்டார்கள். கார் அங்கே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம்.

அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொப்பியைக் காட்டி விளக்கினேன். அப்பாவின் விரல் மரத்துப்போயிருந்தது, அவர் உணராமலே பத்து எழுதியிருக்கிறார் என்றேன். அம்மாவின் முகம் இறுகியது.

"அந்தாள் பொய் எழுதேல்லை."

"பொய் எண்டு நான் சொல்லேல்லை அம்மா. அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"அவருக்குத் தெரியும். விரல் செத்துப்போச்சு எண்டு செப்ரெம்பரிலையே சொன்னவர். ஆருக்கும் சொல்லாதை, வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள் எண்டவர்." அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமையளிலை பட்டறைக்கு நான் போறனான். அவர் ஓட்டுவார். நான்தான் தொட்டுச் சொல்லுறது. பதின்மூண்டும் நான் தொட்டனான். ஒண்டும் சுடேல்லை."

எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. பிறகு அப்பாவின் இரண்டு விரல் நுனிகளும் நினைவுக்கு வந்தன. பெட்டி சுடவில்லை என்றால் அந்தக் கொப்புளம் எங்கிருந்து வந்தது? அம்மா சொன்ன பிறகு, நம்பிக்கை இல்லாமல் அவரும் ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா சொன்னது சரி என்று எழுதிவிட்டார்.

அம்மா முதியோர் இல்லத்துக் குசினியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். போறணை அடுப்பிலிருந்து தட்டை வெறுங்கையால் இழுப்பார். புட்டுப்பானையைத் துணி இல்லாமல் இறக்குவார். நாங்கள் அதைப் பகிடி பண்ணுவோம். 'அம்மாவின்ரை கை ஒரு இடுக்கி' என்று அப்பாவே சொல்வார். அவரே அந்தக் கையை நம்பினார். அதைவிட்டால் அவருக்கு வேறு கை இல்லை. மீற்றரின் உறையைக் கிழித்துப் பாவித்தால், விரல் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பார்.

கேத்திலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பச்சைத்தண்ணீர் கலந்தேன். தொடுமீற்றரின் உறையைக் கிழித்து, கம்பி நுனியைக் கேத்திலின் பக்கத்தில் ஒட்டினேன். அறுபத்தேழு பாகையில் நின்றது. அப்பாவின் வடிவமைப்பில் எல்லை ஐம்பத்தைந்து.

"பெட்டியைத் தொட்ட மாதிரித் தொடுங்கோ."

அம்மா இரண்டு விரலை வைத்தார். எண்ணத் தொடங்கினார். ஏழில் என்னைப் பார்த்தார். பத்தில் எடுத்தார்.

"சுடேல்லை" என்றார்.

நான் தொட்டேன். இரண்டு எண்ணவில்லை, கை தானாகவே எடுபட்டது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். நுனி சிவந்திருந்தது. போய்ச் சப்பாத்தைப் போட்டார்.

வாசலில் நான் துடக்கைச் சொன்னேன்.

"றோட்டுக்குத் துடக்கில்லை" என்றார் அம்மா. "எடு காரை."

அம்மருட்டிலிருந்து ஏரிக்குப் பத்து நிமிடமும் இல்லை. நான் ஓட்டிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். பட்டறையில் வெளிச்சூடு பதினெட்டுப் பாகை. அங்கே அறுபத்தேழுவரை போயிருந்தால், நாற்பத்தொன்பது கூடியிருக்கிறது. காரில் பெட்டி இருப்பது இயந்திரத்துக்கு அடுத்த பலகையில். அங்கே வெளிச்சூடே நாற்பத்தைந்து இருக்கும். கூட்டினால் தொண்ணூற்றுநான்கு. அது வெளித்தகட்டில். உள்ளே இருக்கும் சுற்றில் அதைவிட மிகக் கூட.

அந்தச் சூட்டில் சுற்று சாகும். செத்தால் அது வழியை மூடாது. இரண்டு பக்கமும் திறந்துவிட்டுச் சாகும். கார் வேகமாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. கார் மெதுவாகும்போதுதான் பற்றரி முழுவதும் டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். நூறு வருடத்து வயர், மேலே துணிச்சுற்று. அந்தக் காரில் பெற்றோல் தாங்கி முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது.

மண்டப வாசலில் காரை மெதுவாக ஓட்டி நிறுத்துவார்கள். ஆலத்தி எடுக்கும்வரை பிள்ளை இறங்க மாட்டாள். நான் கைகாட்டி மறித்தாலும் அதேதான் நடக்கும். நிறுத்துவதே ஆபத்து. நிறுத்தினால் அந்தக் கணமே ஆட்களை இறக்கிப் பற்றரியை அறுக்க வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார். "பிள்ளை சீலையோ கட்டியிருக்கும்?"

"ஓம்."

"பட்டு" என்றார்.

ஏரிக்கு முந்திய ஏற்றத்தில் கார் எதிரே வந்தது. கறுப்பும் சிவப்பும். முன்னால் மல்லிகைச் சரம். வீடியோக்காரர் ஏற்கெனவே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்; கார் சுபநேரத்துக்காக விரைவாக வந்துகொண்டிருந்தது. நான் என் காரைக் குறுக்கே விட்டு இறங்கினேன். பாலசிங்கம் மாமா கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். பக்கத்தில் மதுரா, பன்னிரண்டு வயது, தலை நிறையப் பூ. பின்னால் அவளுடைய சித்தி, மடியில் ஆலத்தித் தட்டு.

கார் நின்றது. மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் அம்மீற்றரைப் பார்த்தேன். முள் இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பற்றரி திரும்பிப் பாய்ந்துகொண்டிருந்தது.

"இறங்குங்கோ. மூண்டு பேரும் இறங்குங்கோ."

"என்ன பிள்ளை நீ?" பாலசிங்கம் மாமா குரலைத் தணித்தார். "துடக்கோடை வந்து நல்ல காரியத்துக்குப் போற காரை மறிக்கிறியே? கொப்பர் இருந்தா என்ன சொல்லுவார்?"

மதுராவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் சித்தி வேண்டாம் என்று கத்தினார், செத்தவீட்டுக் கை படுகிறதே என்று. மதுராவின் கையில் குளிர்ந்த வளையல்கள். அவள் இறங்கிவிட்டாள். அவள் இருந்த இருக்கையைத் தூக்கினேன். கீழே பற்றரி. அப்பா எல்லாக் காரிலும் வைக்கும் திருகுசாவி அதன் பக்கத்தில் இருந்தது. மின்சாரம் முழுவதையும் ஒரே திருப்பில் அறுக்கும். அது சுட்டது. திருப்பினேன். இயந்திரம் நின்றது.

அந்த அமைதியில் பலகைக்குப் பின்னால் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது, எண்ணெய் பொரிவது போல. நூல்போல ஒரு புகை பெற்றோல் தாங்கியின் ஓரத்தால் மேலே வந்தது. நான் காரில் இருந்த தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலசிங்கம் மாமா பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்துக்கு அப்பால் நிறுத்தினார். புகை மெலிந்தது. நின்றது. நான் நூறுவரை எண்ணினேன்.

பிறகு தொடுமீற்றரைப் பெட்டியில் வைத்தேன். தொண்ணூற்றேழு. வயரின் துணி மண்ணிறமாகி, தொட்டால் ஒட்டியது. பின்னால் இருந்த கம்பளித் துண்டில் பெட்டியின் வடிவத்தில் ஒரு கறுப்பு.

"மணந்ததுதான்" என்றார் சித்தி. அவருடைய குரல் மாறியிருந்தது. "ஒரு கால் மணித்தியாலமா மணந்தது. நான் சாம்பிராணி எண்டு நினைச்சன். தட்டிலை கிடக்குதெண்டு."

பாலசிங்கம் மாமா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "குலத்தின்ரை பெட்டி ஒண்டும் திரும்பி வந்ததில்லை எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்" என்றார். என்னிடம் சொன்னாரா, காரிடம் சொன்னாரா தெரியவில்லை.

மதுராவின் மச்சான்காரன் ஒருவன் தன் காரோடு வர ஏழு நிமிடம் ஆனது. என் காரில் ஏற்ற நான் கேட்கவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. அம்மா ஒரு பூர்ச்ச மரத்தடியில், தெருவுக்கு முதுகு காட்டி நின்றார், பிள்ளையின் கண்ணில் படாமல். மதுரா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"அன்ரி, உங்கடை கைக்கு என்ன? சிவந்திருக்கு."

அம்மா கையைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்தார். "ஒண்டுமில்லை அம்மா. கேத்தில் சுட்டது" என்றார். "நீங்கள் போங்கோ. நேரம் போகுது."

ஒன்று சுட்டது என்று அம்மா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரம் பட்டறை முதலாளிக்குச் சொன்னேன். அவர் நோர்வேக்காரர், அப்பாவின் வயது. பன்னிரண்டு சொந்தக்காரரின் முகவரியையும் அனுப்பினார். பட்டறையின் பெயரில் தானே எழுதுவதாகச் சொன்னார். நான் எழுதுகிறேன் என்றேன். வெப்பச் சோதனை பிழையாக நடந்திருக்கிறது, காரை இயக்க வேண்டாம், பற்றரியைக் கழற்றுங்கள், பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். நாலு வரி.

யார் சோதித்தது என்று ஒரு வரி வேண்டும். அதில் நின்றுவிட்டேன். அம்மா பின்னால் வந்து திரையைப் பார்த்தார். அவருக்கு நோர்வே மொழி என்னைவிட மெதுவாக வரும். சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்தார்.

"என்ரை பேரைப் போடு" என்றார். "பவளம் தொட்டது எண்டு போடு. அவரின்ரை பேரைப் போடாதை."

"அம்மா, கையெழுத்து வைச்சது அவர்."

"அவர் என்னை நம்பி வைச்சது."

எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியாது. இரண்டு பெயரையும் போட்டேன். அப்பாவின் பெயர் முதலில் வந்தது. அம்மா அதைப் பார்த்தார். கொப்பியை எடுத்துப் பதின்மூன்றாவது வரியில் 10ஐ வெட்டி, பக்கத்தில் 97 என்று எழுதினேன். கொப்பியில் முதல் தடவையாக என் எழுத்து.

பதினொரு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அப்பாவுக்கு அனுதாபம் சொல்லி, தன் பெட்டி இன்னும் புதிது போல இருக்கிறது, வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று அன்றே போனில் சொன்னேன். வந்த ஒன்பது பெட்டிகளை நானே மேசையில் ஓட்டினேன். ஐந்து நல்லவை. நாலு எல்லைக்கு மேல்.

பன்னிரண்டாமவர் பதில் எழுதவில்லை. ஹாமார் பக்கத்தில் ஒரு பண்ணை. எண்பத்தொரு வயதுக் கிழவர், தனியாக இருக்கிறார். போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். கிழவர் நலமாக இருக்கிறார் என்றார். இந்த வருடம் வெயில் முந்திவிட்டது, நேற்று பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். காரை இயக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்; சொல்லிப் பார்க்கிறேன், அவர் யார் சொல்லும் கேட்கிற ஆள் இல்லை என்றார்.

நாளை விடிய ஹாமாருக்கு வெளிக்கிடுகிறோம். அம்மாவும் வருகிறார். தேத்தண்ணிப் போத்தலை நிரப்பி மூடியிருக்கிறார். அதைத் துணியால் பிடித்துத்தான் பைக்குள் வைத்தார். மீற்றர் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

சற்று முன் கிழவருக்குத் திரும்பவும் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.